நாற்பது வேலியில் இறங்கியது யார்?

(மாலைநேரப் பள்ளி நடத்தும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்கு நம்ம கடலூர், சிதம்பரம் வட்டாரத்தைச் சுத்திக் காட்டப் போறோம்னு சொன்னீங்க. நல்லது. ஆனா எதைக் காட்டப் போறோம்? தில்லைக் கோயிலையும் பிச்சாவரம் படகையும் சுற்றுலாத் துறையே காட்டிடும். இந்த மண்ணில் யார் யார் கை பட்டிருக்குன்னு நாமதான் காட்டணும்.

முதல்ல ஒரு விவசாயியை வரையச் சொல்லுங்க. தலைப்பாகை கட்டின ஆம்பளை, ஏர், ரெண்டு மாடு வரும். பெத்த தாய் நடவுக்குப் போறவளா இருந்தாலும், நாத்து நடுற பொம்பளை அதில் வரமாட்டா. நிலம் வச்சிருக்கிறவன் விவசாயி. சேற்றில் இறங்குகிறவன் கூலியாள். சாதி இந்தச் சொற்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, தண்ணி போற வழியில் கூட்டிப் போங்க. கொள்ளிடத்துத் தண்ணி கீழணையிலிருந்து வடவாறு வழியா வீராணத்துக்கு வருது. ஏரிக்கரையில் லால்பேட்டை: பள்ளிவாசலும் வெற்றிலைக் கொடிக்காலும். கிழக்கே போனா பரங்கிப்பேட்டை: மரக்காயர்களும் மீனவர்களும் வாழும் பழைய துறைமுகம். பக்கத்தில் கிள்ளை, பிச்சாவரம். அங்கே கழுத்தளவுத் தண்ணியில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்கள். பழங்குடிச் சாதிச் சான்றுக்காக அவர்கள் அலைந்த அலைச்சலையும் அவர்கள் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும்.

பிறகு நந்தன் கதை சொல்லுங்க. பெரியபுராணத்தில் பண்ணையார் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் வேதியரைக் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடிச்சிட்டுப் போன்னு வேதியர் சொல்றார். ஒரே ராத்திரியில் கடவுள் முடிச்சுக் கொடுத்துடறார். நாற்பது வேலின்னா ஏறக்குறைய 260 ஏக்கர்! அத்தனை நிலத்திலும் வருசா வருசம் இறங்கியது யார்? பண்ணையாள்களின் உழைப்பை அதிசயம்னு சொல்லி மறைச்சாச்சு. இதைப் பிள்ளைகளே கேட்கட்டும்.

நந்தன் தீயில் இறங்கியதாகச் சொல்லும் அதே சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். தீயைக் காட்டிய ஊரில் சிலேட்டைக் கொடுத்தார். காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து வந்த இளையபெருமாள், 1965இல் அமைத்த தீண்டாமை ஆய்வுக் குழுவுக்குத் தலைவராகி, 1969இல் இந்தியா முழுமைக்குமான அறிக்கை தந்தார். இந்த ரெண்டு பேரையும் தெரியாம ஒரு பிள்ளைக்கு இந்த வட்டாரம் தெரிஞ்சதாகாது.

கடைசியா ஒண்ணு. 'பல மதம், பல சாதி, எல்லாரும் ஒற்றுமையா இருக்கோம்' என்று முடிச்சிடாதீங்க. சேரிப் பிள்ளைக்கு ஊர் ஏற்கெனவே தெரியும்; எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றச் சொன்னாங்கன்னு அதன் பாட்டி சொல்லியிருப்பாள். சேரி தெரியாதது ஊர்ப் பிள்ளைக்குத்தான். அதைச் சேரிக்குள்ளே அழைச்சிட்டு வாங்க. நம்ம வீட்டில் உட்காரட்டும், சாப்பிடட்டும். சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, குழாயில் தண்ணி வருதா, நிலம் யார் பேரில் இருக்கு என்று அதுவே கேட்கட்டும்.

அதன் பெற்றோர் தடுப்பாங்க. தடுக்கட்டும். ஏன் தடுக்கிறாங்கன்னு அந்தப் பிள்ளை வீட்டில் கேட்குமே, நம்ம பாடம் அங்கேதான் ஆரம்பிக்குது.