ஏ. எம். ராஜா: உரத்துப் பேசாத குரல்



இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய இந்த நேரத்தில் ஒரு திரையிசைக் கலைஞரைப் பற்றிப் பேசலாமா என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். ஒரு சொல்லை எவ்வளவு மெதுவாகச் சொன்னால் அதன் பொருள் முழுமையாக வெளிப்படும் என்பதை எனக்குச் சிறு வயதில் உணர்த்தியவர்களில் ஒருவர் ஏ. எம். ராஜா. அந்த நன்றிக்காகவேனும் இன்று அவரைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் 'கல்யாண பரிசு' படத்தின் சோகப் பாடல் வந்தால் என் மூத்த அக்கா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அந்தப் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "அது சத்தமாய்க் கேக்கிற பாட்டில்லையடா தம்பி" என்றார். ராஜாவைப் பற்றி நான் பின்னர் வாசித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

ராஜா 1929 ஜூலை முதலாந் திகதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். கர்நாடக இசையோடு பியானோவும் பயின்றவர். மாணவராக இருந்தபோதே எச். எம். வி. நிறுவனத்துக்காகத் தாமே மெட்டமைத்த இரண்டு தெலுங்குப் பாடல்களை இசைத்தட்டில் பாடினார். அவை வானொலியில் ஒலிபரப்பாகின. அதைக் கேட்டே ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் தமது 'சம்சாரம்' (1951) படத்தில் பாட அவரை அழைத்தார். வானொலி கண்டெடுத்த குரல் அது. பிற்காலத்தில் திரையுலகம் அவரை மறந்தபோது அந்தக் குரலைக் காப்பாற்றியதும் வானொலிதான்.

ஐம்பதுகளின் தமிழ்த் திரையிசையை நேயர்கள் ஒருகணம் நினைவுகூர வேண்டும். நாடக மேடையின் மரபு அப்போது முற்றாக விலகியிருக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய வழக்கம் பலருடைய தொண்டையில் தங்கியிருந்தது. ராஜாவோ ஒலிவாங்கியின் இயல்பை விளங்கிக்கொண்டவர். அருகில் இருக்கும் ஒருவரோடு பேசுவது போலப் பாடினால் போதும் என்று அறிந்தவர். 'மிஸ்ஸியம்மா' (1955) படத்தில் பி. லீலாவுடன் நிலவை அழைத்து அவர் பாடிய பாட்டைக் கேளுங்கள். எஸ். ராஜேஸ்வரராவின் மெட்டில் எங்கும் அவசரமில்லை, குரலிலும் இல்லை. அந்தப் படத்தின் தெலுங்கு வடிவத்தில் அவர் என். டி. ராமராவுக்குப் பாடினார், தமிழில் ஜெமினி கணேசனுக்கு. அதன்பின் சில ஆண்டுகள் ஜெமினி கணேசன் திரையில் காதலைச் சொல்ல வாய் திறந்தால் வருவது ராஜாவின் குரல் என்றாயிற்று.

இனி இசையமைப்பாளர் ராஜாவுக்கு வருவோம். 1958 இல் 'சோபா' என்ற தெலுங்குப் படத்துக்கு அவர் முதலில் இசையமைத்தார். பாடகி ஜிக்கியை அவர் மணம் புரிந்ததும் அந்த ஆண்டிலேயே. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'கல்யாண பரிசு' வெளிவந்தது. ஸ்ரீதர் இயக்கிய முதற் படம் அது. பாடல்களை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அதே ஆண்டு ஒக்டோபரில், இருபத்தொன்பது வயதில், அந்தக் கவிஞர் காலமாகிவிட்டார் என்பதை நினைக்கும்போது இந்தப் பாடல்களின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அக்காவுக்காகத் தன் காதலை விட்டுக்கொடுக்கும் தங்கையின் கதை இது. இதில் ஒரு தீபாவளிப் பாட்டு இருமுறை வருகிறது. மகிழ்ச்சியான கட்டத்தில் பி. சுசீலா பாடுகிறார். பின்னர் அதே மெட்டு, சொற்கள் மாறி, நடை தளர்ந்து, ராஜாவின் குரலில் வருகிறது. என் அக்கா சத்தத்தைக் குறைத்த பாட்டு இதுதான். சோகம் என்றதும் புதியதொரு மெட்டைத் தேடி அழுகையைக் குரலில் ஏற்றுவது சுலபம். ராஜா அதைச் செய்யவில்லை. முன்பு நம்மை மகிழ்வித்த மெட்டையே திரும்பக் கொடுத்து, இழந்தது என்னவென்பதை நாமே கண்டுகொள்ளும்படி விட்டுவிடுகிறார். ஒரு நல்ல சிறுகதையாசிரியன் செய்கிற காரியம் இது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாமே பாடகராக இருந்தும் அவர் நல்ல பாட்டுகளையெல்லாம் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. இந்தப் படத்தில் சுசீலாவுக்கும் ஜிக்கிக்கும் கிடைத்தவை அவர்கள் வாழ்நாளின் சிறந்த பாடல்களுள் அடங்குவன. பின்னர் 'தேன் நிலவு' (1961) படத்தில் எஸ். ஜானகிக்கு அவர் கொடுத்தவையும் அத்தகையன. வாத்தியங்களும் குரலை மூடுவதில்லை. பாடும் ஒருவருக்கு எங்கே மூச்சு வேண்டும் என்று அறிந்தவர் போட்ட மெட்டுகள் அவை.

'விடிவெள்ளி' (1960) படத்தில் சிவாஜி கணேசனுக்கும் அவர் குரலே பொருந்தியது. காஷ்மீரில் படமாக்கப்பட்ட 'தேன் நிலவு', கண்ணதாசனின் பாடல்களோடு மேலைநாட்டு இசையின் துள்ளலையும் காட்டியது. அதோடு ஸ்ரீதர் - ராஜா கூட்டு முடிந்தது. இருவருக்குமிடையே மனக்கசப்பு ஏற்பட்டது. அடுத்து வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்துக்கு இசையமைத்தவர்கள் விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அவ்வாண்டு வெளியான 'ஆடிப்பெருக்கு' ராஜாவின் இசையில் வந்த மற்றொரு நல்ல படைப்பு. அதன்பின் தமிழில் நீண்ட மௌனம்.

இந்த மௌனத்துக்குக் காரணம் என்ன? தாம் நினைத்தது கிடைக்கும்வரை விட்டுக்கொடுக்காதவர் ராஜா என்பார்கள். பலருடைய பணமும் நேரமும் கலந்த திரைத்தொழிலில் அது ஒரு குறையாகவும் கொள்ளப்படும். ஆனால் முழுக் காரணமும் அதுவன்று. அறுபதுகளில் காலம் மாறியது. எம். ஜி. ஆருக்கும் சிவாஜிக்கும் டி. எம். சௌந்தரராஜனின் கம்பீரம் தேவைப்பட்டது. அந்த வீரம் ராஜாவின் குரலில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜெமினி கணேசனுக்கோ பி. பி. ஸ்ரீனிவாஸ் என்ற இன்னொரு மென்குரல் கிடைத்துவிட்டது. ஆக, மென்மைக்கு இடமில்லாமற் போய்விடவில்லை. அந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்தார். ஒரு கலைஞனுக்கு இதைவிட வலி தருவது வேறென்ன இருக்க முடியும்?

எழுபதுகளில் அவர் திரும்பி வந்தார். 'புகுந்த வீடு' (1972) படத்தில் சங்கர் - கணேஷ் இசையில் ஜிக்கியுடன் இணைந்து பாடினார். 'வீட்டு மாப்பிள்ளை' (1973) படத்துக்கு இசையமைத்தார். குரல் அப்படியே இருந்தது. எனினும் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. மேடை நிகழ்ச்சிகளே கைகொடுத்தன. 1989 ஏப்ரலில், நிகழ்ச்சியொன்றுக்காகத் தெற்கே சென்றுகொண்டிருந்த வழியில், திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர் புகையிரத நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். 'கல்யாண பரிசு' வெளிவந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜிக்கி 2004 வரை வாழ்ந்தார்.

ஒரு நினைவோடு முடிக்கிறேன். 1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகள் பல இருந்தன. பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்போம். செய்தி முடிந்தபின், கை ஓயும்வரை, ஒரு பாட்டு. ஒருநாள் அக்கா ராஜாவின் ஒலிநாடாவை எடுத்து வந்தார். நான் சுற்றினேன். கை தளரும்போதெல்லாம் ஒலிநாடா மெதுவாகிப் பாட்டு இழுபட்டது. மற்றப் பாடகர்கள் அப்படி இழுபட்டால் நாங்கள் சிரிப்போம். அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் கையை மாற்றிக்கொண்டு, பாட்டு முடியும்வரை, ஒரே சீராகச் சுற்றினேன்.

அன்று சத்தத்தைக் குறைக்க அக்கா எழுந்து வரவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த மின்சாரத்தில் எந்தப் பாட்டும் மெதுவாகத்தான் கேட்கும். ராஜாவுக்கு அது போதுமானதாயிருந்தது.