போத்தலுக்கு முன்னால் 12 மணித்தியாலம்



குடியைப் பற்றி எங்கட கூட்டங்களில் பேச்சு வந்தால், "மனக்கட்டுப்பாடு இல்லாத ஆள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். லண்டனில் மது மீட்பு நிலையமொன்றில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன் என்ற முறையில் நான் இதை மறுக்கிறேன்.

குடிக்கு அடிமையான மூளை, குடித்த இடத்தையும் நேரத்தையும் மணத்தையும் பாடமாக்கி வைத்திருக்கும். குடியை விட்டு மாதக்கணக்கானாலும் ஒரு போத்தல் திறக்கிற சத்தம் போதும், அந்தரம் கிளம்பிவிடும். நித்திரையின்மை, பசி, தனிமை, மனவழுத்தம் எல்லாம் அதை இன்னும் ஊதிவிடும். இப்ப சொல்லுங்கோ: விசா இல்லாமல் ஓஃப் லைசன்ஸ் கடையில் 12 மணித்தியாலம் கல்லாவில் நிற்கிற பொடியன். முதுகுக்குப் பின்னால் விஸ்கி அடுக்கு. இரவில் நாலு பேரோட ஒரு அறை, கண்ணை மூடினால் செல்லடி. இவனிட்ட மனக்கட்டுப்பாட்டை எங்க தேடுறது?

திடீரென நிறுத்தச்சொல்லி அதட்டாதேங்கோ. தினமும் நிறையக் குடிச்சவருக்கு வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். வைத்தியரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. நல்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கு; எல்லாருக்கும் சரிவராது. அந்தரம் அலைபோல வந்து பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். அந்த நேரத்துக்குக் கூட ஒரு ஆள், கொஞ்சம் சாப்பாடு வேணும்.

ஸ்கொட்லாந்தில் 2018 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை இருக்கு. எனக்கு உடன்பாடுதான். கூடின காசு அரசுக்கில்லை, விற்கிற முதலாளிக்குத்தான் போகுது என்பது வேற கதை.

அடுத்த நிதிசேகரிப்பு விருந்தில் பார் மேசை வேண்டாம் என்று பிரேரிக்கிறேன். போனமுறை மண்டப வாசலோட திரும்பிப்போன இரண்டு தோழர்கள் இருக்கினம்.