எங்கிருந்து எங்கே: மாவட்டங்களின் கல்வி வளர்ச்சியை அளப்பது குறித்து



மே மாதம் வந்தால் நம் விழுப்புரம் மாவட்டத்தின் பெயர் செய்தித்தாளில் அடிபடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளோடு மாவட்ட வாரியான தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலும் வெளியாகிறது. மாநில அளவில் முதலிடம் பிடித்த மாணவர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளைக் காத்த அந்த நல்ல முடிவு மாவட்டங்கள் வரை வரவில்லை. விழுப்புரம் பல ஆண்டுகள் பட்டியலின் அடியில் கிடந்தது. ஆய்வுக் கூட்டங்களில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நீங்கள்தான். அந்தப் பட்டியல் உங்கள் உழைப்பை அளக்கவே இல்லை என்று சொல்வதற்காக இன்று வந்திருக்கிறேன்.

வீடூர் அணையில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. இந்த மழையில் எவ்வளவு நீர் வந்து சேர்ந்தது என்பது வேறு கேள்வி. தேர்ச்சி விழுக்காடு முதல் கேள்விக்கு மட்டுமே விடை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரியின் எழுத்தறிவு ஏறத்தாழ 92 விழுக்காடு, விழுப்புரத்தில் 72. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளிருக்கும் பிள்ளையும், குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். இருவரின் மதிப்பெண்ணிலும் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று அந்தப் பட்டியலால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு கோளாறு தேர்ச்சிக்கான 35 என்ற கோட்டில் இருக்கிறது. கணக்கில் 12 வாங்கிய மாணவியை ஓர் ஆசிரியர் 33க்குக் கொண்டுவந்தால் பட்டியலில் எதுவும் மாறாது. 34 வாங்கியவன் 35 வாங்கினால் விழுக்காடு ஏறிவிடும். ஆகவே ஜனவரிக்குப் பிறகு சிறப்பு வகுப்பின் கவனம் எல்லாம் கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் மீது போகிறது. மெல்ல மலரும் மாணவர்கள் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் மலர்வதைக் கணக்கில் எடுக்க ஒரு கட்டமும் அந்தப் பட்டியலில் கிடையாது.

சரி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு வளர்ச்சியைப் பார்க்கலாமே என்பீர்கள். அங்கும் நிதானம் வேண்டும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய விழுப்புரமும் பிந்தைய விழுப்புரமும் ஒரே பிள்ளைகளின் தொகுப்பு அல்ல. பிள்ளைகளின் கற்றலை நாடு முழுவதும் அளந்து வந்த தேசிய அடைவு ஆய்வு 2017இல் 3, 5, 8ஆம் வகுப்புகளையும் 2021இல் 3, 5, 8, 10ஆம் வகுப்புகளையும் சோதித்தது. 2024 டிசம்பரில் அதன் இடத்தில் வந்த பரக் ஆய்வு 3, 6, 9ஆம் வகுப்புகளைச் சோதித்தது. இவற்றை ஒரே கோட்டில் வைத்து ஏற்றம், இறக்கம் என்று தலைப்புப் போடுவது தவறு.

உண்மையான வளர்ச்சிக் கணக்கு எப்படி இருக்கும்? நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பெருந்தொற்றுக்கு முன் 2019இல் சோதித்தார்கள். பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின் 2021 டிசம்பர் தொடங்கி மீண்டும் அவர்களிடம் போனார்கள். அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் பள்ளம் பெரிது. ஏழைப் பிள்ளைகள் கூடுதலாக இழந்திருந்தார்கள். ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் 'பள்ளிகள் தோற்றன' என்று எழுதியிருப்பார்கள். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அதிகம் இழந்த பிள்ளைகளே அதிகம் மீண்டார்கள். அந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்பு, திரும்பிப் போய்ச் சோதித்ததால்தான் எண்ணாகத் தெரிந்தது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் பிள்ளைகளின் வளர்ச்சியை நாடு முழுவதும் அளந்து பார்த்தார். ஏழைகள் நிறைந்த சிகாகோவின் சராசரி மதிப்பெண் தாழ்வுதான். ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் ஆறு ஆண்டுக்கான கல்வியைப் பெற்றிருந்தார்கள். சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது நெடுங்காலம் புலப்படவில்லை.

நம்மிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித் துறைப் பதிவேட்டின் எமிஸ் எண் இருக்கிறது. பள்ளி மாறினாலும் அது கூடவே வரும். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறியவள் எட்டாம் வகுப்பில் எங்கே நிற்கிறாள் என்று அதை வைத்துப் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. ஒரு வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் இருவர் காய்ச்சலில் படுத்தாலே சராசரி குலையும்; ஆகவே மூன்று ஆண்டுகளையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போய்விட்ட பிள்ளைகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் வளர்ச்சி பொய்யாகக் கூடித் தெரியும். அவர்கள் பெயரை நீக்காமல் தனி வரிசையில் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வளர்ச்சிக் கணக்கு முதலில் வகுப்பாசிரியர் கைக்கு வர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கும் செய்தித்தாளுக்கும் முன்பாக, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில், எந்தப் பிள்ளையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் முடிவு செய்யும் நேரத்தில் வர வேண்டும். கல்வித் துறை அலுவலர்களிடம் இந்த மேடையிலிருந்து நான் கேட்பது இதுதான்.