மூடுபனியில் மூலிகை உலர்த்தல்

மாலை ஐந்து மணிக்குக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு, காம்பராவுக்குள் குழந்தை இருமும் ஒலியே முதலில் கேட்கிறது. அடுப்புக்கு மேலுள்ள பரணில் சென்ற மாதம் கட்டி வைத்த துளசிக் கொத்து ஒன்று உண்டு. அதை எடுக்கிறாள். காய்ந்த இலைக்குரிய சலசலப்பு அதில் இல்லை. ஈரத் துணி போல் துவள்கிறது. விளக்கொளியில் புரட்டிப் பார்த்தால் இலையின் அடிப்புறத்தில் வெண்ணிறப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. ஹட்டன், நுவரெலியா வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய ஏமாற்றம் புதிதன்று. மூலிகை இல்லாமையால் நேர்வதன்று இது; இருந்த மூலிகை சரியாக உலராமையால் நேர்வது.

அந்தத் தாய் அடுத்துச் செய்வது என்ன என்பதுதான் கவனித்தற்குரியது. பூஞ்சணத்தை உதறிவிட்டு, கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்று இலையை நீரிலிடுவது பல வீடுகளில் நடைபெறும் செயல். பூஞ்சணங்களுள் சில உண்டாக்கும் நச்சு, கொதிநீரிலும் எளிதில் அழிவதில்லை. இருமலுக்குக் கொடுத்த குடிநீரே குழந்தையின் உடலுக்குத் தீங்காய் முடியக்கூடும். பூஞ்சணம் பிடித்த இலை, எவ்வளவு அரிதாகக் கிடைத்ததாயினும், எருக்குழிக்கு உரியதேயன்றிப் பாத்திரத்துக்கு உரியதன்று.

மலைநாட்டில் பசுமைக்குப் பஞ்சமில்லை. லயத்தின் முன்னுள்ள துண்டு நிலத்தில் துளசி, கற்பூரவள்ளி, புதினா, சேரைப்புல் ஆகியன வளர்கின்றன. நீரோடும் கான் ஓரங்களில் வல்லாரை தானாகவே படர்கிறது. ஹட்டனுக்குக் கீழே கினிகத்தேனைப் பக்கம் இஞ்சியும் நன்கு விளைகிறது. அவ்வாறிருந்தும், மழைக்காலத்துக்கென்று எடுத்து வைத்த இலை கெட்டுப் போவதேன்?

விடை, இம்மக்களின் முன்னோர் வந்த வழியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களுட் பலர் திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைச் சேர்ந்தவர்கள். அங்கே சித்திரை வெயிலில் முற்றத்துப் பாயில் விரித்த மிளகாய் சில நாட்களில் வற்றலாகிவிடும். திண்ணை நிழலில் கட்டித் தொங்கவிட்ட இலைகூட ஒரு வாரத்துக்குள் நொறுங்கும். இலை மருந்துகளை நிழலில் உலர்த்த வேண்டும் என்ற சித்த மருத்துவ முறை அத்தகைய வறண்ட நிலத்திலே கையாளப்பட்டது. அந்த நிழலிலும் வெப்பம் இருந்தது, காற்று ஈரமற்றிருந்தது. முறை கடல் கடந்து வந்தது. காற்று வரவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டின் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவே. காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும் நாட்கள் பல. ஏற்கெனவே நீர் நிரம்பிய காற்று இலையின் நீரை எங்ஙனம் ஏற்கும்? இங்கே நிழல் என்பது ஈரத்தின் மற்றொரு பெயராகிவிடுகிறது.

ஆயினும் இதே மூடுபனிக்கு நடுவில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான கிலோ பச்சை இலை உலர்த்தப்படுகின்றதன்றோ? தோட்டத்து ஸ்டோர் என்று மக்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பது அதுவே. கூடையில் வந்த கொழுந்து முதலில் வாட்டும் தட்டுக்களில் பரப்பப்படுகிறது. விசிறிகள் அதனூடே காற்றைச் செலுத்துகின்றன. வெளியே ஈரம் மிகுந்த நாட்களில் அக்காற்று சற்றே சூடாக்கப்படுகிறது. பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் இலை அவ்வாறு கிடந்து வாடும். பின்னரே அரைத்தல், புளிக்கவிடல், சூட்டடுப்பில் உலர்த்தல் முதலியன. ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கி, முடிவில் அதில் எஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. துளசிக்கும் புதினாவுக்கும் கடைசிச் சூட்டடுப்பு ஆகாது. அங்கே 90 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வீசும். மணமெல்லாம் ஆவியாய்ப் போய்விடும். வீட்டு மூலிகைக்கு முன்மாதிரியாவது அந்த வாட்டும் தட்டே. மெல்லிய பரப்பு, இலைக்கு அடியிலும் மேலும் ஓடும் காற்று, கை தாங்கும் வெதுவெதுப்பு: இம்மூன்றும் போதும். 35 முதல் 40 பாகை வரை இலைக்கு ஏற்றது.

மருந்துச் சரக்கை உலர்த்துவது இத்தோட்டங்களுக்கு முற்றிலும் புதிய தொழிலுமன்று. 1861இல் ஹக்கலையில் அரசாங்கத் தோட்டம் தொடங்கப்பட்டது சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே. கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. 1869 முதல் இலைத்துரு நோயால் கோப்பி அழிந்துவந்த காலத்தில் துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். 1880களில் இலங்கைப் பட்டை லண்டன் சந்தையில் அளவுக்கு மீறிக் குவிந்து விலை வீழ்ந்தது. ஜாவாத் தீவின் உயர்ந்த பட்டையும் போட்டிக்கு வந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. உலகுக்கே காய்ச்சல் மருந்து காய வைத்தனுப்பிய மலையில், ஒரு பிடி துளசி பூஞ்சணம் பிடிப்பது விந்தையே.

வீட்டில் செய்யத்தக்கது யாது? காலத்தைத் தெரிந்துகொள்வது முதற்படி. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை முதலிய மேற்குச் சரிவுகளில் வைகாசிக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையிலும் மழையே. தை, மாசி மாதங்களிலேதான் காற்று குளிர்ந்தும் வறண்டும் வீசுகிறது. டிம்புலைத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவதும் அக்காலத்திலேதான். ஊவாப் பக்கத்தில் இது மாறும். அங்கே ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்றே உலர்த்தும் காற்று. தேயிலைக்கு மணம் தரும் காலமே மூலிகைக்கும் உரிய காலம் என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது. நுவரெலியாவில் தை மாதத்து உறைபனி விழும் நாட்களில் மட்டும் செடிகளை இரவில் சாக்கால் மூடவேண்டும்.

அடுத்தது பறிக்கும் வேளை. பனி நீர் இலையில் இருக்கும்போது பறித்தால் பாதி வேலை கெட்டது. அது வடியக் காலை ஒன்பது, பத்து மணியாகும். அதற்குள் பெண்கள் பெரட்டு முடிந்து மலையேறிவிடுவர். ஆகவே இவ்வேலை வீட்டிலிருக்கும் முதியவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ உரியது. துளசியையும் புதினாவையும் பூ விரியுமுன் கொய்ய வேண்டும். அப்பொழுதே மணம் நிறைந்திருக்கும். இஞ்சியைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக அரிந்தாலன்றி மலைநாட்டில் சுக்காகாது. முழுதாக வைத்தால் உள்ளே அழுகும்.

தேயிலை வரிசைகளுக்கிடையே கிடைக்கும் வல்லாரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. களைநாசினி தெளிப்பதைத் தோட்டங்களில் ‘மருந்தடித்தல்’ என்றே சொல்வது வழக்கம். மருந்தடித்த மலையிலிருந்து மருந்து பறிக்கலாகாது. எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்பதை அடித்தவர்களிடமே கேட்டறிவது எளிது. அவர்களும் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களே. அன்றியும் வல்லாரை காய்ந்தால் சிறப்புக் குறையும் இலை. அதைச் சம்பலாகப் பச்சையாய் உண்பதே நன்று. கறிவேப்பிலையும் கொத்தமல்லித் தழையும் அவ்வாறே. உலர்த்தும் உழைப்பைத் துளசி, புதினா, சேரைப்புல், இஞ்சி ஆகியவற்றுக்கே செலவிடலாம்.

மரச் சட்டமொன்றில் பழைய நூற்சேலைத் துணியை இழுத்துக் கட்டினால் வாட்டும் தட்டு ஆயிற்று. நான்கு செங்கல்லின் மீது அதை உயர்த்தி வைத்தால் அடியிலும் காற்று ஓடும். இலையை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பவேண்டும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வெப்பம் தேங்கி நிற்கும். அதுவே நல்ல இடம். ஆனால் இரவானதும் அதே தகரம் வியர்த்து நீர் சொட்டும். பகல் முழுதும் காய்ந்த இலையை மாலையில் எடுக்க மறந்தவர் மறுநாள் நனைந்த இலையையே காண்பார். பொழுது சாயுமுன் அதைத் துணியில் தளரச் சுற்றி அடுப்படிக்கு அருகில் வைப்பது முறை. அடுப்பில் கவ்வாத்து மிலாறு எரிகையில் எழும் புகை இலையில் ஏறினால் குடிநீர் முழுவதும் புகை நாற்றமே வீசும். சமையல் முடிந்து தணல் மட்டும் கனியும் வேளையில், மூன்று நான்கு அடி உயரத்தில் தட்டை வைத்தால் புகையின்றி வெப்பம் கிடைக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது, கையால் அறியலாம். இலை விரலிடையே பொடியாக வேண்டும். காம்பு வளையாமல் முறிய வேண்டும். அதன் பின்னும் ஒரு சோதனை உண்டு. இலை நன்கு ஆறியபின் கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி ஓரிரவு வைக்க வேண்டும். காலையில் கண்ணாடியின் உட்புறம் சிறிதேனும் பனித்திருந்தால் இலையில் ஈரம் எஞ்சியிருக்கிறது. மீண்டும் தட்டுக்குப் போக வேண்டியதே. பூஞ்சணம் பிடித்த கொத்துக்களுட் பெரும்பாலானவை இந்த ஓரிரவுச் சோதனையில் அகப்பட்டிருக்கும்.

சேமிக்கும் கலம் காற்றுப் புகாததாக இருக்கவேண்டும். தொழிற்சாலையில் ஈயத் தாளும் பின்னர் அலுமினியத் தாளும் உட்பதித்த மரப்பெட்டிகளில் தேயிலை அடைத்த காலம் உண்டு. இப்பொழுதும் உட்புறம் அத்தகைய தாளுள்ள பைகளே பயன்படுகின்றன. வீட்டுக்கு மூடி இறுகிய போத்தலோ துருவேறாத பால்மா டின்னோ போதும். வறுத்து ஆறிய அரிசியைச் சிறு துணியில் முடிந்து உள்ளே போட்டால் எஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். இலையை முழுதாகவே வைத்து, வேண்டியபோது நொறுக்குவது மேல். பொடித்தால் மணம் விரைவில் போகும். சித்த மருத்துவமும் சூரணத்துக்கு மூன்று மாதமே ஆயுள் சொல்கிறது.

இவ்வளவு பக்குவமாகக் காத்த இலையும் செய்யக்கூடியது சளியையும் தொண்டைக் கரகரப்பையும் தணிப்பதேயாகும். குழந்தை விரைந்து மூச்சு விட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ் குழி விழுந்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தாலோ, போத்தலைத் திறந்துகொண்டிராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

போத்தலின் மேல் இலையின் பெயரையும் பறித்த மாதத்தையும் எழுதி ஒட்டும் வேலையைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் விடலாம். அடுத்த தை வரும்போது அந்தத் தேதியைப் பார்த்து, மிஞ்சிய பழைய இலையைச் செடியடியில் கொட்டிவிட்டு, போத்தலைக் கொதிநீரில் அலசி வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள்.