எச்சரிக்கை வந்தால் எங்கே போவது?

(சரவணையில் நடந்த தொழிலாளர் சந்திப்பில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இந்தத் தீவுக்கு வந்திருக்கிறோம். இங்கே காற்றைப் பார்த்து, வானிலை அறிவிப்பைக் கேட்டுத்தான் கடலுக்குப் போகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு எதிர்க்கரையில் தனுஷ்கோடியை அழித்த புயலை கடலோரம் மறக்காது. ஆனால் படகு கரையில் கிடந்தால் அன்றைய வருமானம் இல்லை. நமக்கும் அப்படித்தான், மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மாற்று வீடுதான் கிடைக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவே பலரைக் கொண்டுபோனது.

ஆகவே மழையை நாமும் அளப்போம். அடியும் வாயும் ஒரே அளவான டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளந்து, எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர் என்றால் விழிப்பாக இருங்கள். 100 என்றால் வெளியேறத் தயாராகுங்கள். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 ஆனாலோ உடனே வெளியேறுங்கள். நிலம் வெடித்தாலும், மரமோ கம்பமோ சாய்ந்தாலும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலும் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மார்ச், ஏப்ரலில் வேறு ஆபத்து. பகலில் வெயில், பின்னேரம் இடி மின்னல். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்ப அறிவிப்பு வெறும் வெயிலின் கணக்கல்ல. காற்றின் ஈரப்பதனையும் சேர்த்து உடல் உணரும் சூடு. ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடல் ஆறாது. ஒருவர் தடுமாறினால், பேச்சுக் குழறினால், நிழலில் கிடத்தி உடம்பை நனையுங்கள், 1990க்கு அழையுங்கள்.

அளப்பது நம் கையில். மிச்சத்தை நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் கேட்கிறோம். எச்சரிக்கை வந்த நாளில் வேலையை நிறுத்தினாலும் முழுப்பேர் போட வேண்டும். மலையில் குடிதண்ணீரும் நிழலும் வேண்டும். வெளியேறுபவர்களுக்குப் போக இடமும், ஆபத்தான லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான காணியில் வீடும் வேண்டும்.

போக இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை வெறும் சத்தம்தான். இடம் கிடைக்கும்வரை சேர்ந்து கேட்போம்.