தக்காளி எந்த வீட்டுப் பிள்ளை?

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். இந்த ஏழு படிநிலைகளையும் மாணவர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்க வைப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதைக் கலைத்தது ஒரு விடைத்தாள்.

தக்காளியின் அறிவியல் பெயரை 'சொலானம் லைக்கோபெர்சிகம்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் படித்தது 'லைக்கோபெர்சிகான் எஸ்குலண்டம்'. எனவே சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "நூலகத்துப் புத்தகத்துல இப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றாள். அன்று மாலை தேடிப் பார்த்தேன். அவள் எழுதியது சரி.

1753இல் லின்னேயஸ் தக்காளியைக் கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு சொலானம் பேரினத்தில்தான் வைத்தார். மறு ஆண்டே பிலிப் மில்லர் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித் துளை வழியே திறக்கும். தக்காளியில் நீளவாக்கில் பிளக்கும். பிரித்ததற்கு இதுவும் நியாயமாகத் தோன்றியது. பின்னர் டி.என்.ஏ. ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உருளைக்கிழங்குக்குக் கத்தரியைவிடத் தக்காளியே நெருங்கிய உறவு! உடன்பிறந்தவனை வெளியே நிறுத்திவிட்டு, ஒன்றுவிட்ட தம்பியை வீட்டுக்குள் வைத்திருந்தோம். தக்காளி மீண்டும் சொலானத்துக்கே திரும்பியது.

உறவு இயற்கையில் இருப்பது; படிநிலை நாம் வகுத்தது. லின்னேயஸின் அடுக்கில் தொகுதியும் இல்லை, குடும்பமும் இல்லை. 'தொகுதி' 1866இல் ஹெக்கேல் தந்தது. 1990இல் வோஸும் உடன் ஆய்வாளர்களும் உலகத்துக்கும் மேலே 'டொமைன்' என்ற படியை முன்வைத்தார்கள். சான்று மாறினால் அடுக்கும் மாறும்.

ஆகவே இப்போது பட்டியலைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் கத்தரி, சுண்டை, தக்காளி, மிளகாய், செம்பருத்திப் பூக்களை மேசையில் வைத்து, "யாருக்கு யார் சொந்தம்? ஏன்?" என்று கேட்கிறேன். செம்பருத்தியைப் பிள்ளைகளே ஒதுக்கிவிடுகிறார்கள். மற்ற நான்கும் சொலானேசி குடும்பம். அவற்றில் மிளகாய் மட்டும் வேறு பேரினம், காப்சிகம். தொடக்கப் பள்ளியில் பெயர்களே வேண்டாம். பிரித்து அடுக்கி, காரணம் சொன்னால் போதும்.

அந்த மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். நான் தவறிய கதையையும் வகுப்பில் சொன்னேன். அன்று முதல் "ஏன் சார்?" என்ற கேள்வி என் வகுப்பில் கூடியிருக்கிறது.