வாட்டம் எந்தப் பக்கம்?

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் மதரஸா வளாகத்தில் நடந்த மஹல்லா கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் மனைக்கு மண் நிரப்ப வேண்டும், வண்டி ஏற வாசலில் சரிவு போட வேண்டும் என்று பலர் ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். மண் வெட்டுவதையும் நிரவுவதையும் பற்றிச் செயலாளர் பேசுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். இது அண்டை வீட்டாரின் ஹக் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் பேசுகிறேன்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு இந்த மதரஸா முற்றத்தை உயர்த்தி சிமெண்ட் தளம் போட்டோம். அதற்கு முன் மழை பெய்தால் இங்கே தண்ணீர் தேங்கும். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். வேலை முடிந்த பிறகு ஒரு சொட்டு நிற்கவில்லை. நானே பலரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அது பின் சந்தில் இருக்கும் ஓட்டு வீட்டுக்குள் போயிருக்கிறது. கணவரை இழந்த ஒரு தாய் அங்கே தனியாக இருக்கிறார். மூன்று நாள் அடுப்படியில் தண்ணீர். நான்கு மாதம் கழித்து, உதவித்தொகை கொடுக்கப் போன நம் ஊழியர் சுவரெல்லாம் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்து வந்து சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியும். நேரில் போய், "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "மாசா மாசம் உங்ககிட்ட வாங்குறேன் தம்பி, உங்களையே நான் எப்படிக் குறை சொல்றது?" என்றார். நாம் கொடுத்த உதவியே அவருடைய வாயை அடைத்துவிட்டது. அல்லாஹ் எங்களை மன்னிக்க வேண்டும்.

மதீனாவில் ஹர்ரா பகுதியின் வாய்க்கால் தண்ணீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்சாரித் தோழருக்கும் வழக்கு வந்ததை அறிவீர்கள். ஸுபைர் (ரலி) அவர்களின் நிலம் மேட்டில் இருந்தது. அவர் முதலில் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டை வீட்டாருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன தீர்ப்பு. எல்லோரும் விரும்புகிற தண்ணீரிலேயே மேட்டில் இருப்பவருக்குப் பள்ளத்தில் இருப்பவரைப் பற்றிய பொறுப்பு உண்டு என்றால், யாரும் விரும்பாத மழைத் தண்ணீரில் எவ்வளவு பொறுப்பு இருக்கும்!

கணக்கையும் பாருங்கள். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. அதன்மேல் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,200 லிட்டர் தண்ணீர். 10 செ.மீ. பெய்தால் 22,000 லிட்டர். வெறும் மண்ணாக இருந்தால் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்ட் போட்டுவிட்டால் ஏறக்குறைய முழுவதும் ஓடும். நாம் எந்தப் பக்கம் வாட்டம் வைக்கிறோமோ அந்தப் பக்கம் ஓடும்.

ஆகவே வேலை தொடங்கும் முன் மட்டம் பாருங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உங்கள் வாசல், தெருச் சாக்கடை, பக்கத்து வீட்டு வாசற்படி மூன்றையும் அதில் குறித்துக்கொண்டு பிறகு ஜேசிபியைக் கூப்பிடுங்கள். சிமெண்ட் தளத்துக்கு 10 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் போதும். வீட்டை ஒட்டிய மண் தரைக்கு முதல் 10 அடியில் 6 அங்குலம் இறக்கம் இருந்தால் அஸ்திவாரத்தில் ஈரம் தங்காது. அந்த வாட்டம் வடிகாலுக்கோ மழைநீர்ச் சேமிப்புக் குழிக்கோ போய்ச் சேர வேண்டும். அடுத்தவர் சுவருக்கு அல்ல.

மண் நிரப்பும்போது மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே தளம் போடாதீர்கள். 6 முதல் 9 அங்குலம் வரை ஒரு அடுக்கு. தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கிய பிறகு அடுத்த அடுக்கு. இல்லாவிட்டால் மண் உள்வாங்கும், தளம் வெடிக்கும், வைத்த வாட்டமும் மாறிப்போகும். களிமண்ணும் கரிசலும் நிரப்ப ஆகாது. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பிளக்கும்.

பக்கத்துச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டுவதும் ஆபத்து. அவர் நிலத்தைத் தாங்கி நிற்பது நம் நிலத்து மண்ணும்தான். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டமும் அந்தத் தாங்குதலை அவருடைய உரிமையாகச் சொல்கிறது. மேட்டிலிருந்து இயற்கையாக வரும் நீரைப் பள்ளத்து நிலத்தார் ஏற்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாம் நாலு லோடு மண் கொட்டித் திருப்பிவிடும் தண்ணீரை இயற்கையாக வந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

குழிக்குள் இறங்கும் கூலித் தொழிலாளியையும் மறந்துவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் அளவுக்கு எடை இருக்கும். ஆள் உயரக் குழியில் பக்கவாட்டில் பலகையும் முட்டும் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள்.

இப்போது நிர்வாகக் குழு எடுத்த முடிவுகள். ஒன்று: மழைக்கு முன் இந்த முற்றத்தின் பின் ஓரத்தில் தளத்தை வெட்டி வாய்க்கால் எடுத்து, தண்ணீரைத் தெரு வடிகாலில் சேர்க்கிறோம். இரண்டு: அந்தத் தாயின் சுவரையும் தரையையும் சரிசெய்யும் செலவு அறக்கட்டளையுடையது. அது ஜகாத்திலிருந்து வராது. உதவிக் கணக்கிலும் எழுதப்படாது. நாம் செய்த சேதத்துக்குக் கொடுப்பது தர்மம் ஆகாது, அது கடன். மூன்று: மனையை உயர்த்தப் போகிறவர்கள் அலுவலகத்தில் சொன்னால் கொத்தனார் ஒருவர் வந்து இலவசமாக மட்டம் பார்த்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரரையும் அப்போது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒன்று: நம்மிடம் உதவி பெறுகிறவர்களுக்கும் நம்மைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. நம்மால் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் தயங்காமல் வந்து சொல்லுங்கள். அதனால் யாருடைய உதவித்தொகையும் நிற்காது. அதற்கு நான் பொறுப்பு.

முதல் மழை பெய்ததும் உங்கள் வாசலை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். நானும் இன்ஷா அல்லாஹ் பின் சந்துக்குப் போவேன்.

வஸ்ஸலாம்.